பெரிய முள் மகளுக்கு

என் மகள் ஜேர்மனியில் சம்பளத்தோடு தாதி வேலை படிக்கிறாள். போன பிறகு முதல்முறையாகப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, முதல் சம்பளத்தில் வாங்கியது என்று சொல்லித் தகப்பனுக்கு ஒரு கைமணிக்கூடு கொண்டுவந்தாள். எனக்கு ஒரு பொரிக்கிற சட்டி. சட்டி நல்ல சட்டிதான், முட்டை ஒட்டாது. ஆனால் சட்டியைக் கையில் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக முடியாதே.

மணிக்கூட்டுக்குப் பற்றரி மாற்றத் தேவையில்லை, வெளிச்சத்தில் தானே சார்ஜ் ஆகும் என்றாள். திருகோணமலையில் வெயிலுக்கா பஞ்சம் என்று நான் முணுமுணுத்தேன். அதைவிடப் பெரிய புதினம் ஒன்று இருந்தது. ஜேர்மனியில் எங்கோ ஒரு கோபுரம் ரேடியோவில் சரியான நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்குமாம். மணிக்கூடு அதைப் பிடித்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளுமாம்.

"ராவில ஜன்னலடியில வையுங்கோ அப்பா, அது தானே எடுக்கும்" என்றாள். ஒரு பொத்தானை அழுத்தினால் செக்கன் முள் சுழன்றுபோய் ஒரு எழுத்தில் நிற்கும். நேரத்தை எடுத்திருந்தால் ஒரு பக்கம், எடுக்காவிட்டால் மற்றப் பக்கம். எங்கள் இரண்டு பேருக்கும்தான் விளங்கப்படுத்தினாள், ஆனால் பார்த்ததெல்லாம் தகப்பனுடைய முகத்தை.

அதில் பெரிய முட்கள் ஜேர்மனி நேரத்தைக் காட்டின. கீழே ஒரு சின்ன வட்டத்துக்குள் எங்கள் நேரம். அவள் அதை மாற்றிவிடப் பார்த்தாள். இவர் விடவில்லை.

"அது அப்பிடியே கிடக்கட்டும் பிள்ளை. பெரிய முள் உனக்கு, சின்னது எங்களுக்கு."

அவள் தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். நான் சட்டியோடு நின்றேன்.

இவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். வேலைசெய்த காலத்தில் வீட்டில் யார் எப்போது எழும்புகிறார்கள், எப்போது சாப்பிடுகிறார்கள் என்று கேட்டறியாத மனிதர். மகள் திரும்பிப் போன நாளிலிருந்து ஆளே மாறிவிட்டார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன், குசினி வாசலில் வந்து நிற்பார். "பிள்ளை இப்ப எழும்பியிருப்பாள்" என்பார். நான் மத்தியானம் ஒரு கண் அயரப் போவேன், "இப்ப வோர்ட்டில மருந்து குடுக்கிற நேரம்" என்பார். கிண்ணியாவிலிருந்து இவருடைய பழைய படகுக் கூட்டாளி வந்தால், தேத்தண்ணி ஆறி ஆடை கட்டும்வரை மணிக்கூட்டுக் கதைதான். அந்த நல்ல மனிதரும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல வாயைப் பிளந்துகொண்டிருப்பார்.

எனக்கு எரிச்சல். வெறும் எரிச்சல் இல்லை, வயிற்றெரிச்சல். பத்து மாதம் சுமந்தவள் நான். காய்ச்சலில் அவள் அனுங்கியபோதெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தவள் நான், இவர் அப்போது கடலில். இப்போது என் பிள்ளை எழும்பினாளா, சாப்பிட்டாளா, படுத்தாளா என்று இந்த மனிதரின் கையைப் பார்த்து நான் அறிய வேண்டுமாம். என் போனிலும் அந்த நாட்டு நேரத்தைப் பார்க்கலாம், எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அது அவள் வாங்கித் தந்த நேரம் இல்லையே.

இரவு படுக்கப் போகுமுன் அதைத் துடைத்து ஜன்னல் கட்டையில் வைப்பார். பெண்சாதிக்கு ஒருநாளும் காட்டாத பக்குவம். இரவிரவாக அந்த நாட்டிலிருந்து ஏதோ ஒன்று கடல் தாண்டி இவரைத் தேடி வருகிறது, என்னைத் தேடி ஒன்றும் வருவதில்லை என்று நினைத்தபடியே நான் தூங்கிப்போவேன். சக்களத்தி வந்திருந்தால்கூடத் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம்.

இதையெல்லாம்விட என்னைச் சுட்டது போன் கதைதான். அவள் விடிய வேலைக்கு நடந்து போகிற இருபது நிமிடம்தான் கதைக்கக் கிடைக்கும். எங்களுக்கு அது காலை பத்து மணி. பெரிய முள் அந்த இடத்துக்கு வந்ததும் இவர் போனை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போய்விடுவார். உள்ளே சிக்னல் இல்லையாம். படகு இஞ்சின் சத்தத்தில் காது மந்தமான மனிதர், ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். பாதி எனக்குக் கேட்கும், பாதி துறைமுகத்துப் பக்கம் போகிற லொறிகளுக்குக் கேட்கும். கடைசியில் போன் என் கைக்கு வரும்போது அவள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள். "அம்மா, சுகமோ? வைக்கட்டோ?" அவ்வளவுதான் என் பங்கு.

பங்குனி முடிகிற நேரம், ஒரு திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, என்னுடைய போன் அடித்தது. மகள்.

"அம்மா, அப்பா நிக்கிறாரோ? அவற்ர போனுக்கு அடிச்சனான், எடுக்கிறார் இல்லை."

"மீனுக்குப் போனவர். மோட்டச்சைக்கிள் சத்தத்தில கேட்டிராது."

"இங்க நேத்து மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிட்டாங்கள். கோடை நேரமாம். இனி உங்கட ஒன்பது மணிக்குத்தான் நான் நடந்து போற நேரம். அப்பாவின்ர மணிக்கூடு தானே மாறியிருக்கும், அவர் கவனிச்சிருப்பார் எண்டு நினைச்சன்."

"அவர் இந்த நேரத்தில சந்தையில நிப்பார். இனி எனக்கே எடு பிள்ளை" என்றேன். எப்படி என் வாயில் அவ்வளவு விரைவாக வந்தது என்று தெரியவில்லை.

அந்த இருபது நிமிடமும் எனக்கே. டின்னில் வருகிற தேங்காய்ப்பாலில் சொதி வைத்தால் திரைந்துபோகிறது என்றாள். அடுப்பைக் குறைத்துக் கடைசியில் விடு என்றேன். வோர்ட்டில் ஒரு கிழவி இவளுடைய கையைப் பிடித்தால் விடுவதில்லை என்றாள். போன மாதம் உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்து ஒருநாள் அழுததாகவும் சொன்னாள். "அப்பாவிட்டச் சொல்லாதேங்கோ" என்றாள். சொல்வேனா? மணிக்கூட்டில் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்தது.

இவர் சந்தையால் வந்ததும் நேரம் மாறின கதையை மட்டும் சொன்னேன். மறைக்க நினைக்கவில்லை. அவருக்கு முந்தி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்காட்டுவதில் ஒரு சுகம் இருந்தது.

மீன் பையை வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். "அங்க மாத்தினா இது தானே மாறும். இது மாறேல்லை. அப்ப அங்க மாத்தேல்லை."

"பிள்ளை சொல்லுறாள்!"

"உம்மோட பகிடி விட்டிருப்பாள்."

பழைய நேரம், புது நேரம் என்று அரசாங்கம் மணியை முன்னே பின்னே தள்ளிய காலத்தில் இதே ஊரில் குடித்தனம் நடத்தியவர்கள் நாங்கள். கல்யாணத்துக்குச் சொன்னால் எந்த நேரப்படி என்று கேட்டுவிட்டுத்தான் போவோம். அந்த மனிதர் இப்படிச் சொன்னார். எனக்கு என்ன நட்டம்? மீனைக் கழுவப் போனேன்.

பத்து மணிக்குக் கேற்றடிக்குப் போய் அடித்தார். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் அடித்தார், புதன்கிழமையும் அடித்தார். "வேலையில நிக்கிறன் அப்பா" என்று ஒரு வரி வந்தது. "ஷிப்டை மாத்திட்டாங்கள் போல" என்றார். மூன்றாம் நாள் அதையும் சொல்லவில்லை. குசினி வாசலுக்கும் வரவில்லை. நானோ ஒன்பது மணிக்கு ராசாத்தி மாதிரிக் கதிரையை இழுத்துப் போட்டு மகளோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அவள் சொதியைப் பற்றிக் கேட்கவில்லை. கிழவியைப் பற்றியும் சொல்லவில்லை.

"அம்மா, அப்பாவுக்கு என்னோட கோவமோ?"

"ஏன் கோவம்?"

"தெரிஞ்சுகொண்டே நான் எடுக்க ஏலாத நேரமாப் பாத்து அடிக்கிறார். நான் என்ன பிழை விட்டனான்?"

இல்லை பிள்ளை, இல்லை என்று சொல்லிச் சொல்லியே அந்த இருபது நிமிடமும் போனது. மணிக்கூடு மாறவில்லை என்ற கதை மட்டும் என் வாயில் வரவில்லை. அப்பா சாப்பிடுகிறாரா, அப்பாவுக்குப் பிறஷர் கூடவா, அப்பா ஏதும் சொன்னாரா. என் போன், என் மகள், கதை முழுக்க அவர். வைக்கட்டோ என்றுகூடக் கேட்காமல் வைத்துவிட்டாள். இன்றைக்கும் உடுப்பு மாற்றுகிற அறையில் அழப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அன்று பின்னேரம் இவர் மதில் ஓரமாக நின்று அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். செக்கன் முள் சுழன்றுபோய், எடுக்கவில்லை என்ற பக்கம் நின்றது.

"எடுக்கேல்லையோ?"

"இல்லை."

"எப்ப இருந்து?"

"இஞ்ச வந்த நாளிலயிருந்து ஒருநாளும் எடுக்கேல்லை. இவ்வளவு தூரத்துக்கு அந்த ரேடியோ வராது போல."

இரவிரவாக வருகிறது என்று நான் வயிறெரிந்த அந்த ஒன்று, ஒருநாளும் வந்ததே இல்லை.

"பிறகென்னத்துக்கு ஒவ்வொரு ராவும் ஜன்னல்ல வைக்கிறீங்கள்?"

"அவள் வைக்கச் சொன்னவள்."

"அப்ப அங்க மணி மாறினது உங்களுக்குத் தெரியும்."

"நீர் சொன்ன அண்டைக்கே தெரியும்."

"ஏன் மாத்தேல்லை? பிள்ளை அங்க அழுகிறாள்!"

அவர் மணிக்கூட்டைச் சேர்ட்டில் துடைத்தார். "கையால மாத்தினா அது சாதாரண மணிக்கூடுதானே. முதல் சம்பளத்தில வாங்கினவள்."

இப்படி ஒரு பொய்யைப் போற்றிக் காப்பாற்றுகிற அளவுக்கு என்னிடம் எதுவும் இல்லையே என்று அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. கையை நீட்டினேன். கழற்றித் தந்தார். சாவியை இழுத்துப் பெரிய முட்களை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் திருப்பினேன். எனக்குக் கிடைத்த ஒன்பது மணியை நானே திருப்பிக் கொடுக்கிறேன் என்று நன்றாகத் தெரிந்துதான் திருப்பினேன். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்தநாள் அவர் மீனுக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்குக் கேற்றடியில் நின்று அவளுக்கு அடித்தார். நான் குசினியில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றேன். என் போன் அடிக்கவில்லை.

"அப்பா! கோவமில்லையே?" ஸ்பீக்கரில் அவளுடைய குரல் குசினிவரை வந்தது.

"என்ன கோவம்? இஞ்ச மழை முகில் பிள்ளை, அதுதான் சிக்னலைச் சுணங்கிப் பிடிச்சிருக்கு. ராவு தானே மாறிட்டுது. அருமையான மணிக்கூடு!"

அவள் சிரித்தாள். லொறிச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. எனக்குக் கிடைத்த நாட்களில் ஒருநாள்கூட அவள் என்னோடு அப்படிச் சிரிக்கவில்லை.