நான்காகப் பிரித்த தடித்த புத்தகம்

புத்தகக் கடைக்காரன் என்பவன் தான் படிக்காததை விற்றுச் சாப்பிட்டு, தான் படித்ததை விற்க முடியாமல் தூசி தட்டிக்கொண்டிருப்பவன்.

என் கடை திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருக்கிறது. கடைக்கு முன் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தேன். அதற்கு முன் பாடசாலையில் இருந்தேன். அங்கே அதிக காலம் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் துண்டுப்பிரசுரங்கள் தந்த அறிவு. பதினாறு பக்கத்துக்கு மேல் நீளும் எதையும் சந்தேகத்தோடுதான் தொடுவேன். அப்படிப்பட்டவன் இன்றைக்கு விற்பது கணினிக்குச் செய்நிரல் எழுதுகிறவர்களுடைய புத்தகங்களை. ஒவ்வொன்றும் செங்கல் பருமன், எல்லாம் ஆங்கிலம். கொழும்பில் பழைய புத்தகக்காரர்களிடம் சாக்கோடு எடுத்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவேன்.

புத்தகம் விற்கிறவர்களும், விற்கிறவனைக் கட்டிக்கொண்டு அவதிப்படுகிறவர்களும் இதை வாசிக்கலாம். என்னிடம் ஆறுதல் இல்லை, துணை உண்டு.

சிவப்பு அலுமாரி

கடை திறந்த காலத்தில் வாசலுக்கு நேரே ஓர் அலுமாரி வைத்து அதற்குச் சிவப்பு அடித்தேன். உள்ளே முழுவதும் சங்கத்துப் பிரசுரங்கள். சில நான் எழுதியவை. சில, எழுதியதற்காக என்னைச் சிறைக்குள் வைத்தவை. பிறகு கணினிப் புத்தகங்கள் வந்தன. சிவப்பு அலுமாரி வாசலிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து மூலைக்கு என்று நகர்ந்தது. ஈரம் ஏறாமலிருக்கப் பிரசுரங்களை வெயிலில் பரப்பினால் இந்த ஊர்த் தெருக்களில் திரிகிற மான்கள் வந்து முகர்ந்து பார்க்கும். வேறு எவரும் பார்ப்பதில்லை.

ஒருநாள் தொழினுட்பக் கல்லூரிப் பொடியன் ஒருவன் மூலைக்குப் போய் ஒரு பிரசுரத்தை எடுத்துப் புரட்டினான். வருடக்கணக்கில் நடக்காத காரியம். நான் கதிரையை விட்டு எழும்பி, அது என்ன வேலைநிறுத்தம், எத்தனை கப்பல் நின்றது என்று சொல்லத் தொடங்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே பின்னட்டையில் அச்சிட்ட ஆண்டைத் தேடினான். கண்டுபிடித்ததும் மெதுவாக மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"மூண்டு வருசத்துக்கு மேல பழசெண்டால் எங்கட துறையில அதைக் குப்பையெண்டுதான் சொல்லுறது, ஐயா."

வெட்டு

ஒருமுறை சாக்குக்குள் ஒரு தடித்த புத்தகம் வந்தது. முன்பாதி, மென்பொருளைத் தனித்தனிக் கூறுகளாகச் செய்து பொருத்துவது பற்றியது. பின்பாதி, எங்கெங்கோ கிடக்கிற பல கணினிகள் ஒன்றுசேர்ந்து ஒரே வேலையைச் செய்வது பற்றியது. கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது வேண்டும், ஒருவராலும் வாங்க ஏலாது. ஆள் மாறி ஆள் வந்து, நின்ற நிலையிலேயே வாசித்துவிட்டுப் போனார்கள்.

இதற்கு எனக்கு வழி தெரியும் என்று நினைத்தேன். சங்கத்தில் நாங்கள் பெரிய நூலைத் தொழிலாளிக்குக் கொடுத்ததில்லை. பிரித்து, தைத்து, பகுதி பகுதியாகக் கொடுப்போம். அன்றைக்குப் பிரசுரங்களைத் தைத்த வேலாயுதம்தான் இன்றைக்கும் என் கடையில் புத்தகம் கட்டுகிறான். தடித்த புத்தகத்தை நான்காக வெட்டித் தைக்கச் சொன்னேன். அவன் கத்தியைத் தீட்டியபடி என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கள் சங்கம் இரண்டாக உடைந்தது உண்மை. நான் நின்ற இடத்தில்தான் நின்றேன், மற்றவர்கள்தான் போனார்கள். வேலாயுதத்துக்கு மட்டும் அந்தக் கதை வேறு மாதிரி.

"சங்கத்துக்குப் பிறகு நீங்கள் பிரிக்கிற முதல் சாமான் இதுதான், தோழர்."

கிண்ணியாவிலிருந்து வந்த முறைப்பாடு

முதற்பகுதியைக் கிண்ணியா ரிஸ்வான் எடுத்துப் போனான். கணினி திருத்துகிற கடையில் வேலை. பேச்சில் ஆளை விழுத்துகிறவன். ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்து பகுதியை மேசையில் வைத்தான். பக்கத்துக்குப் பக்கம் "இதைப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் காண்க", "இதை முன்னமே விளக்கியுள்ளோம்" என்றிருக்கிறதாம். பன்னிரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பகுதியில். அது வேறொருவன் கையில்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு பகுதியும் தன் காலில் நிற்க வேண்டும், எழுதியவருக்கு எழுதத் தெரியவில்லை என்றேன். ரிஸ்வான் சிரித்தான். பக்கமொன்றைத் திறந்து, ஆங்கிலத்தில் வாசித்து, எனக்காகத் தமிழில் சொன்னான். ஒன்றைக் கூறுகளாக வெட்டுகிறவன், எந்தக் கூறு எந்தக் கூறை நம்பி நிற்கிறது என்று வெட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டுமாம். பார்க்காமல் வெட்டினால் கையில் மிஞ்சுவது துண்டுகள் மட்டுமாம்.

"இந்தப் புத்தகத்தை நீங்க வாசிச்சிருந்தா, ஐயா, இந்தப் புத்தகத்தை வெட்டியிருக்க மாட்டீங்க."

சனிக்கிழமைக் கூட்டம்

வெட்டியதை ஒட்ட முடியாது. ஆட்களை ஒட்டலாம். ஒவ்வொரு பகுதியையும் வைத்திருக்கிற நான்கு பேரும் சனிக்கிழமைகளில் கடைக்கு வர வேண்டும், பகுதிகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டேன். முதற்பகுதி ரிஸ்வானிடம். இரண்டாவது சம்பூர்த் தர்சினியிடம். மூன்றாவது குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து, பேசாமல் இருந்து, பேசாமல் போகிற ஒருவரிடம். நான்காவது உப்புவெளிக் கஜனிடம். பல காலத்துக்குப் பிறகு என் கூரைக்குக் கீழ் ஒரு கூட்டம் நடந்தது. தேநீர் நான் போட்டேன். உரை நிகழ்த்தவும் முயன்றேன், அவர்கள் விடவில்லை.

கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் விளங்கத் தொடங்கியது. தூரத்தில் இருக்கிற ஒரு கணினியிடமிருந்து பதில் வரவில்லை என்றால், அது பழுதாகிவிட்டதா அல்லது பிந்துகிறதா என்று இங்கே இருக்கிறவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நிச்சயமான வழியும் இல்லை. அந்த நிலையிலும் மிச்சக் கணினிகள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அது எப்படி என்பதுதான் நான்காம் பகுதி முழுவதும்.

இதை எனக்கு விளக்கியவள் தர்சினி. போரில் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தபோது அவள் மிகச் சின்னப் பிள்ளை. அந்த ஓட்டத்தில் பிரிந்த தகப்பனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. நான் அதை மறந்துபோய், பதில் சொல்லாததைச் செத்ததென்று எழுதிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் மாறவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பிடி எழுத ஏலாது, ஐயா. எங்கட வீட்டில இந்தப் பாடம் புத்தகம் வர முந்தியே தொடங்கிட்டுது."

உப்புவெளிக்குப் போனது

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனம் தர்சினியை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை, சம்பூரை விட்டு அசையத் தேவையில்லை என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. தாயைத் தனியே விட முடியாத பிள்ளைக்கு அப்படியொரு வேலை இரண்டாம் தரம் வராது. கல்லூரியில் முன்னர் பரீட்சைக்குப் போய் வந்தவர்கள், கேள்வியெல்லாம் நான்காம் பகுதியில் இருக்கிற விசயத்திலிருந்துதான் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை கஜன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. போன் எடுத்தால் பதில் இல்லை. பழுதா, பிந்துகிறதா? எங்களுக்குத் தெரியாது.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன். கஜனின் தாய் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. மகன் கட்டாருக்குப் போய்விட்டானாம். ஏஜென்சிக்காரன் திடீரென்று கூப்பிட்டானாம். சொல்லிவிட்டுப் போக வெட்கமாம். புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனதைத் தான் கண்டதாகச் சொன்னா. அங்கே கொம்பியூட்டர் வேலைதானே என்று கேட்டேன். அவ மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கட்டடத்துக்குச் சாரம் கட்டுற வேலையாம், ஐயா. புத்தகம் தலையணைக்குக் கீழ கிடக்குதாம்."

படங்கள்

அந்தத் தாயின் போனிலிருந்து மகனைப் பிடித்தோம். தாய் எடுத்தால் பதில் வருகிறது. பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வெள்ளிக்கிழமை லீவில் அனுப்பத் தொடங்கினான். படங்கள் அனுப்பிய ஒழுங்கில் வந்து சேரவில்லை. கடைசிப் பக்கம் முதலில் வந்தது, நடுப்பக்கங்கள் மறுநாள் காலை வந்தன. பல படங்களில் பக்க எண் இருக்கிற மூலையில் அவனுடைய பெருவிரல் இருந்தது. சிமெந்து வெடித்த விரல்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் அச்செடுத்துக் கடைத் தரையில் பரப்பினோம். ஒரு பக்கத்தின் கடைசி வரியை ரிஸ்வான் சத்தமாக வாசிப்பான். அதற்கு அடுத்த வரியோடு தொடங்குகிற பக்கத்தை மற்றவர்கள் தேடுவார்கள். குச்சவெளி மனிதர்கூட வாய் திறந்தார், "இங்க கிடக்கு" என்று. முழங்கால் நோவோடு நானும் தரையில் தவழ்ந்தேன். பின்னேரம் நான்காம் பகுதி தர்சினியின் மடியில் இருந்தது. வேலாயுதம் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு கதவடியில் நின்று எல்லோரையும் பார்த்தான்.

"சங்கத்தில ஒருநாளாவது இப்பிடி ஒண்டாக் குனிஞ்சிருந்தால், தோழர், நாங்கள் இண்டைக்குப் புத்தகம் வித்துக்கொண்டிருக்க மாட்டம்."

பரீட்சைக்குப் பிறகு

நேர்முகப் பரீட்சை முடிந்து தர்சினி நேரே கடைக்கு வந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டேன், அவள் இருக்கவில்லை. என்ன கேட்டார்கள் என்றேன். ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். பிறகு, விளம்பரத்தில் இருந்தாலும் முதல் இரண்டு வருடம் கொழும்பிலேயே இருக்க வேண்டும், அங்கே தங்க இடம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். இல்லை என்றாளாம். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நான்காம் பகுதியை அவள் பாடமாக்கியிருந்தாள். அதிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை.

எனக்குப் பழைய இரத்தம் கொதித்தது. வாக்குறுதி கொடுத்துவிட்டு மாற்றுகிற முதலாளிமாரைப் பற்றி நான் எழுதாததா? விளம்பரத்தையே சாட்சியாக வைத்து ஒரு பிரசுரம் போடுவோம், கல்லூரி வாசலில் கொடுப்போம், நானே நின்று கொடுக்கிறேன் என்றேன். பேனையும் எடுத்துவிட்டேன். அவள் பையிலிருந்து நான்காம் பகுதியின் படத்தாள்களை எடுத்து, மடிந்த மூலைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மேசையில் வைத்தாள். தன் இரண்டாம் பகுதியையும் அதன்மேல் வைத்தாள்.

"பிரசுரம் வேண்டாம், ஐயா. கஜன் எப்பவாவது வந்தால் அந்தத் துண்டையும் வாங்கி, இதை ஒரு புத்தகமாக் கட்டி வையுங்கோ."

ரிஸ்வானும் குச்சவெளி மனிதரும் தங்கள் பகுதிகளைக் கொண்டுவந்து தந்தார்கள். சிவப்பு அலுமாரியின் மேல்தட்டைக் காலியாக்கி அந்தத் தாள்களையும் மூன்று பகுதிகளையும் அடுக்கிவிட்டேன். ஆக, என்னோடு அவதிப்படுகிறவர்களே, ஒரு முழுப் புத்தகத்தை வாங்க ஆளில்லாத கடையில், நான் இப்போது முக்கால் புத்தகத்தை விற்க மாட்டேன் என்று காவல் இருக்கிறேன்.