காம்பில் இருந்த ஒன்பது நாள்

கதிரையில் இருந்து கேள்வி கேட்கிறவர் யாராக இருந்தாலும் பியற்றிசுக்குப் பயம். யாழ்ப்பாணம் குருநகரில் ஆசிரியையாக இருந்த காலத்தில், ஆமி பிடித்துப்போன தம்பியைத் தேடி இராணுவ முகாமுக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி தலை நிமிராமலே, அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார். தம்பியின் சைக்கிள் அவருக்குப் பின்னால் சுவரில் சாத்தியிருந்தது. கண்டும் வாய் திறக்காமல் திரும்பினாள். தம்பி வரவேயில்லை.

1992இல் அவள் கணவன் செபமாலைமுத்துவோடு லண்டன் நோர்பரியில் இருந்தாள். அகதி வழக்குகளில் மொழிபெயர்ப்பது அவள் வேலை. அவர்களுடைய விசாவும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற விசாதான்.

ஞாயிறு செபக்கூட்டத்தில் கஸ்பர் சுவாமி வேதத்து அரசர்களைப் பற்றிப் பேசினார். "முடி ராசாவின்ரை பெருமைக்கு இல்லை. விதவையும் அநாதையும் பரதேசியும் வந்து நிண்டால் அவையின்ரை வழக்கைக் கேக்கத்தான். கேளாதவனை ஆண்டவர் ராசாவா எண்ணுறதில்லை." பியற்றிஸ் ஆமென் சொன்னாள். அப்படி வழக்கைக் கேட்கிற ஒருவரை அவள் கண்டதில்லை.

அந்தக் கிழமை, அகதி மனு தள்ளுபடியான கனகலிங்கம் என்ற லொறிச் சாரதியின் மேன்முறையீடு. வீட்டால் வெளிக்கிடும்போது செபமாலைமுத்து சொன்னான்: "அவை சொல்லுறதை மட்டும் சொல்லிப்போட்டு வாரும். வேறை ஒண்டும் கதையாதையும். அடுத்த மாசம் எங்கடை விசா."

விசாரணையில் அரச தரப்பு வக்கீல் பழைய தாள் ஒன்றை வாசித்தார். முதல் விசாரணையில் அகதி முகாமில் ஒன்பது நாள் இருந்ததாகச் சொன்னவர், இப்போது இராணுவம் அடைத்து வைத்து அடித்தது என்கிறார். இதில் எது பொய்?

கனகலிங்கம் பியற்றிசின் பக்கம் திரும்பினார். "நான் பொய் சொல்லேல்லை அம்மா. காம்பிலை ஒன்பது நாள் இருந்தனான் எண்டுதான் அண்டைக்கும் சொன்னனான்."

பியற்றிசுக்கு விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் சும்மா காம்ப் என்றால் ஆமிக் காம்ப்தான். முதல் மொழிபெயர்ப்பாளர் அதை அகதி முகாம் ஆக்கிவிட்டார். கனகலிங்கம் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். அத்தோடு அவள் கடமை முடிந்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"ஐயா, அந்த வார்த்தையைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்றாள். யாழ்ப்பாணத்தார் காம்ப் என்பது இராணுவ முகாமைத்தான் என்று சொல்லியும் விட்டாள்.

வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்த நடுவர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"நீங்கள் இங்கே சாட்சி அல்ல. அது தெரியுமா?"

"தெரியும், ஐயா."

"தெரிந்துமா பேசினீர்கள்?"

பயத்தில் ஆங்கிலம் மறந்துபோயிற்று. "ஓம்" என்று தமிழில் சொல்லித் தலையாட்டினாள்.

நடுவர் அவளை வெளியே அனுப்பிவிட்டு வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். கதவுக்கு வெளியே கிடந்த நீள வாங்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் தன் பெயரை எழுதப்போகிறார்கள், தன்னையும் கணவனையும் விமானத்தில் ஏற்றப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

கடைசியில் உள்ளே அழைத்தார்கள். புது மொழிபெயர்ப்பாளரிடம் எதையும் சொல்லாமல் அந்த வார்த்தைக்குப் பொருள் கேட்டதாகவும், அவரும் இராணுவ முகாம் என்றே சொன்னதாகவும் நடுவர் கூறினார்.

"நீங்கள் விதியை மீறினீர்கள். அதை நான் பதிவு செய்யத்தான் வேண்டும். ஆனால் இதைக் கேளாமல் இந்த மனிதரைத் திருப்பி அனுப்பியிருந்தால் குற்றம் என்னுடையது."

ஆறு கிழமையில் கனகலிங்கம் வழக்கில் வென்றார். பியற்றிசை ஐந்து மாதம் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. விசாக் கடிதம் வந்தபோது அவளால் உறையைத் தொட ஏலவில்லை. செபமாலைமுத்து பிரித்து வாசித்தான். விசா இன்னும் ஒரு வருஷத்துக்கு.

"இனி வாய் திறவாதையும்" என்றான்.

"பயமாத்தான் கிடக்கு" என்றாள் அவள். வாய் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.