ஆகாய மைல்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய என் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. மைக்குக்கு முன்னால் நின்று, வாயை அகலத் திறந்து, ஆள்காட்டி விரலை மேலே தூக்கி நீட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே, 'கடைசி நூற்றைம்பது மைல் எங்களுக்கு வேண்டும்: லாரி ஓட்டுநர் ஆர்லன் ஸ்டோர்ஸ்டாட் ஆவேசம்' என்று போட்டிருக்கிறார்கள். ஒட்டியவள் என் மனைவி டோரீன். முதலில் பெருமைக்காகத்தான் ஒட்டினாள். போன வருஷம் மே மாதத்துக்குப் பிறகு அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன், எடுக்க மாட்டேன் என்கிறாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் என் வாய்க்குள் நானே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வடக்கு டகோட்டாவில் ஸ்டான்லி எங்கள் ஊர். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டுகிறேன். மாடு, பன்றி, சூரியகாந்தி விதை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அந்தக் காலத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டினோம், எப்போது தூங்கினோம் என்று ஒரு நோட்டில் நாங்களே எழுதிக்கொள்வோம். எங்களுக்குள் அதற்குக் கதைப்புத்தகம் என்று பெயர். நான் நல்ல கதாசிரியன். என் நோட்டில் மட்டும் நான் தூங்கிய தூக்கமே ஒரு ஆயுளுக்குப் போதும்.

பிறகு அந்த நோட்டுக்குப் பதிலாக, ஓட்டுகிற நேரத்தைத் தானே பதிந்துகொள்ளும் டப்பா வந்தது. எஞ்சினோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். சக்கரம் உருண்டால் அதற்குத் தெரிந்துவிடும். பதினொரு மணி நேரம் ஓட்டி முடித்தால் திரை சிவக்கும். அப்புறம் பத்து மணி நேரம் வண்டியை நிறுத்தி ஓய்வெடுத்தே தீர வேண்டும். அதனிடம் கதை எதுவும் செல்லாது.

சோபாவையும் டிவியையும் ஏற்றுகிறவனுக்கு இது சரி. நடுவழியில் நிறுத்தினால் சோபா செத்துப்போகாது. உயிருள்ளதை ஏற்றுகிற எங்களுக்கு ஒரு சலுகை இருந்தது. ஏற்றிய இடத்தைச் சுற்றி நூற்றைம்பது மைலுக்குள் ஓட்டுகிற நேரம் கணக்கில் வராது. இறக்குகிற இடத்தைச் சுற்றியும் அதே சலுகை வேண்டும் என்று நாங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கத்தினோம். நான் கத்தியதுதான் அந்தப் படம். கடைசியில் சட்டம் வந்தது. டப்பாவில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மணிக்கணக்கு நின்றுவிடும்.

காபிக் கடையில் லெராய் என்று என் சிநேகிதன் ஒருவன், அவனும் லாரிக்காரன். "ஆர்லன் பேசிப் பேசியே கவர்ன்மென்ட்டையே வழிக்குக் கொண்டாந்துட்டான்யா. பொண்டாட்டியைத்தான் இன்னும் முடியல," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தவன் நான். அந்தச் சட்டத்தை முழுசாகப் படித்தாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. போராடி வாங்கினவன் படிக்க வேறு வேண்டுமா?

மார்விஸ் எங்கள் வட்டாரத்தில் தேனீ வளர்க்கிறவள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே. புருஷன் போனபிறகு தொழிலைத் தனியாகவே நடத்துகிறாள். போன வருஷக் குளிரில் பாதிக்கு மேல் பெட்டிகள் செத்துவிட்டன. மிச்சத்தை, மேற்கே ஆயிரம் மைல் தள்ளி யாக்கிமா பக்கத்து ஆப்பிள் தோட்டங்களில் பூவுக்கு மகரந்தம் சேர்க்க வாடகைக்கு அனுப்பியிருந்தாள். அவை திரும்பி வந்தால்தான் ஜூனில் இங்கே க்ளோவர் செடி பூக்கும்போது தேன் சேர்க்க முடியும். வராவிட்டால் கொட்டகையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்று டோரீனிடம் சொல்லியிருக்கிறாள். தேனீ லோடு ஓட்டிப் பழகின ஆட்கள் இருந்தும் என்னைக் கூப்பிட்டாள். அந்தப் படம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

யாக்கிமாவில் சாயங்காலம் பெட்டிகளை அடுக்கி வலை போர்த்திக்கொண்டிருக்கும்போது போன் செய்தாள்.

"வெயில்ல மட்டும் நிக்காதே ஆர்லன். வண்டி ஓடுற வரைக்கும் காத்து அடிக்கும், அதுங்க உள்ளயே கிடக்கும். நின்னா சூடு தாங்காம வெளிய வந்துடும்."

"மார்விஸ், கடைசி நூத்தம்பது மைலை வாங்கிக் கொடுத்தவன்கிட்டயே இதைச் சொல்றியா?"

"சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

ராத்திரி முழுக்க ஒரு குறையும் இல்லை. விடிந்தபோது பில்லிங்ஸ் நகரம் வந்திருந்தது. மைல்ஸ் சிட்டி தாண்டியதும் வெயில் ஏற ஆரம்பித்தது, டப்பாவில் மஞ்சள் விளக்கும் எரிய ஆரம்பித்தது. நான் பதறவில்லை. மார்விஸ் பண்ணைக்கு இன்னும் நூற்றைம்பது மைல்தான் என்று ஆனதும் பொத்தானை அழுத்தப் போகிறேன். வழிகாட்டும் திரையைப் பார்த்தேன். டெர்ரி என்ற சின்ன ஊரைத் தாண்டும்போதும் இன்னும் இருநூறுக்கு மேல் காட்டியது. கணக்குப் போட்டேன், திரும்பப் போட்டேன். நூற்றைம்பது வருவதற்குள் டப்பா சிவந்துவிடும்.

அதற்கு முன்னால் இரண்டு தடவை சிவக்க விட்டிருந்தேன். இன்னொரு தடவை ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதனால் வாழ்க்கையில் முதல்முறையாகச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியைத் திருப்பி, இருந்த ஒரே மரத்தின் நிழலில் ஓரங்கட்டினேன். நிழல் கேபினுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. பின்னால் ஐம்பதடி நீளத்துக்குத் தேனீக்கள் வெயிலில் நின்றன.

என் திட்டம் என்னவென்றால், பொழுது சாய்கிறவரை வலைமேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது. கையில் ஒரு பக்கெட், கழிப்பறை வாசலில் ஒரு குழாய். நான்காவது பக்கெட்டிலேயே வலை கறுத்துவிட்டது. தேனீக்கள் பெட்டிகளின் வாசலிலிருந்து கொத்துக் கொத்தாக வெளியே வந்து வலையில் தொங்கின. வலையில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரியாது, அவற்றுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் குப்பைத்தொட்டி, பெஞ்சு, நிறுத்தியிருந்த கார் கண்ணாடி எல்லாவற்றிலும் தேனீ.

கழிப்பறைக்குள் இருந்த ஒருவர் கதவை இரண்டு விரல் அகலம் திறந்தார்.

"சார், இது எப்ப முடியும்?"

"பத்து மணி நேரம் ஆகும்."

கதவு மூடிக்கொண்டது.

மார்விஸ் போன் செய்தாள். எங்கே இருக்கிறாய் என்றாள். ஓய்வெடுக்கிறேன் என்றேன். டப்பா சிவக்கப் போனதைச் சொன்னேன், இடத்தைச் சொன்னேன்.

"என்கிட்ட வேற தேனீ இல்லை ஆர்லன்," என்றாள்.

பக்கெட்டைக் கீழே வைத்தேன். வேலை போனால் போகிறது என்று கேபினில் ஏறப் போனேன். அதற்குள் லாரிகளைச் சோதிக்கிற அதிகாரியின் கார் குறுக்கே வந்து நின்றது. கழிப்பறைக்காரர் உள்ளேயிருந்தே புகார் கொடுத்திருக்கிறார்.

அதிகாரி ஒரு பெண், சட்டையில் ரோண்டா என்று பெயர். கண்ணாடியை ஒரு நூல் அளவு இறக்கி, அந்தச் சந்து வழியாகவே பேசினாள். அவள் மடியில் கம்ப்யூட்டர்.

"ஐயா, தேனீயை ஏத்திக்கிட்டு உச்சி வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க?"

"மணி முடியப் போகுது மேடம். நூத்தம்பது மைலுக்குள்ள இன்னும் வரல. நாற்பது மைல் குறையுது."

"எங்க இறக்கணும்?"

சொன்னேன். தட்டினாள். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். வரைபடத்தில் மார்விஸ் பண்ணையை நடுவில் வைத்து ஒரு வட்டம். நாங்கள் நின்ற இடம் வட்டத்துக்குள்ளே இருந்தது.

"டெர்ரி தாண்டினப்பவே நீங்க உள்ள வந்தாச்சு."

"ரோட்டுல இன்னும் நூத்தித் தொண்ணூறு இருக்கே."

"ரோட்டை யாரு கேட்டா? சட்டத்துல இருக்கிறது ஆகாய மைல். காக்கா பறக்கிற மாதிரி நேரா அளக்கணும். கப்பலுக்கும் விமானத்துக்கும் அளக்கிற மைல் அது, நம்ம மைலைவிட நீளம்."

நான் செய்திருக்கக் கூடாதது அடுத்துச் சொன்னதுதான். "இந்தச் சட்டம் வரணும்னு மீட்டிங்ல பேசினவனே நான்தான் மேடம். பேப்பர்ல படம்கூட வந்துச்சு."

ரோண்டா என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் காதில் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது.

"பேசினீங்க, சரி. படிச்சீங்களா?"

பொத்தானை அழுத்தினேன். வலையில் தொங்கியவற்றைத் தண்ணீர் அடித்து உள்ளே விரட்டினேன். வெளியே பறந்தவற்றுக்காகக் காத்திருக்க முடியாது, காத்திருந்தால் உள்ளே இருப்பவை வெந்துவிடும். கிளப்பினேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது, லாரி நின்றிருந்த வெற்றிடத்தில் அவை ஒரு புகைபோலச் சுற்றிக்கொண்டிருந்தன.

பண்ணையில் மார்விஸ் தலையில் வலைத்தொப்பியோடு தயாராக நின்றாள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள். வெயில் பக்கத்து மேல்வரிசையில் செத்துப்போனவை இருந்தன. மற்றதெல்லாம் பிழைத்திருந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், டோரீன் எனக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்திருக்கிறாள்.

"வெளிய போனதெல்லாம்?" என்றாள்.

"அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்."

"வண்டி நின்ன இடத்தையே சுத்திக்கிட்டு இருக்கும். அதுதான் வீடுன்னு நினைப்பு."

"எத்தனை நாள் சுத்தும்?"

"உசிர் இருக்கிற வரைக்கும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மனுஷன் முட்டாளாக இருக்கலாம், அதற்கு மற்றவர்கள் ஏன் வெறும் தார்த்தரையைச் சுற்றிச் சாக வேண்டும்? காலையில் மார்விஸ் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு பெட்டி கொடு என்றேன்.

"தோட்டத்தைக் காலி பண்ணும்போது விட்டுப்போனதைப் பொறுக்க ஒரு பெட்டி வெக்கிறது வழக்கந்தான்," என்றாள். "ஹைவேயில யாரும் வெச்சதில்லை. இம்புட்டு தூரம், ஒரு கைப்பிடிக்காகவா?"

"ஆமா."

ராணித் தேனீ உயிரோடு இருந்த ஒரு நோஞ்சான் பெட்டியைப் பிக்கப்பில் ஏற்றிவிட்டாள். டோரீன் சாண்ட்விச்சும் மடக்கு நாற்காலியும் கொடுத்தாள். "ஆளை மட்டும் அங்கே விட்டுட்டு வந்துடாதே," என்றாள்.

அவை அங்கேயேதான் இருந்தன. விளக்குக் கம்பத்தில் ஒரு கொத்து, மற்றவை தரைக்கு மேலே சுற்றிக்கொண்டு. பெட்டியை லாரி நின்ற இடத்திலேயே வைத்து வாசலைத் திறந்தேன். மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பத்து மணி நேரம் சும்மா இருக்கச் சொன்னால் எந்த மனுஷனுக்கு முடியும் என்று அந்த மீட்டிங்கில் கேட்டவன் நான். அன்றைக்கு முழுப் பகலும் அப்படித்தான் இருந்தேன். யாரும் சொல்லவில்லை, எதுவும் சிவக்கவில்லை.

பெட்டியிலிருந்து ஒரு தேனீ கிளம்பி, வேலி, ரயில் பாதை, மேடு என்று எதையும் பார்க்காமல் நேரே போய், அதே நேரில் திரும்பி வந்தது. நேற்று அந்த வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் ஆகாய மைல் தெரிந்திருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தவனுக்குத்தான் தெரியவில்லை.

மத்தியானம் ரோண்டா வந்தாள்.

"இன்னைக்கு எதுக்கு நிக்கிறீங்க?"

"மிச்சத்தைக் கூட்டிட்டுப் போக வந்தேன் மேடம்."

பெட்டியைப் பார்த்தாள். காரிலிருந்து ஒரு ஆரஞ்சுக் கூம்பை எடுத்து, வேறு வண்டி வந்து ஏறாதபடி பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாயச் சாய ஒவ்வொன்றாக வாசலில் இறங்கி உள்ளே நடந்தன. கம்பத்துக் கொத்தும் அவிழ்ந்து வந்தது. வெளிச்சம் போவதற்குள் வாசலைக் கம்பிவலையால் அடைத்தேன். காதை வைத்துக் கேட்டேன். உள்ளே சத்தம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அழுதேனா என்று டோரீன் கேட்டாள், தூசி என்றேன்.

மார்விஸ் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "ஒரு தொப்பி அளவு தேறும்," என்றாள். அதைத் தன் கொட்டகைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் முதல் தேனைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜாடியை உள்ளே வைக்கப் போனவள் ஃப்ரிட்ஜ் கதவு முன்னால் நின்றுவிட்டாள்.

"டோரீன், இவன் விரலைப் பாரு. அன்னைக்கே ஆகாயத்தைத்தான் காட்டியிருக்கான்."

"எல்லாருக்கும் காட்டிட்டான். இவன் மட்டும் அண்ணாந்து பார்க்கல," என்றாள் டோரீன்.

இருவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மார்விஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்டோபர்ல கலிஃபோர்னியாவுக்கு லோடு இருக்கு. வர்றியா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படிச்சுட்டு வர்றேன்," என்றேன்.