லாரியிலிருந்து வந்த பென்டிரைவ்

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு எடைமேடையில் வேலை பார்க்கிறேன். அன்று காலை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எடைச் சீட்டு இல்லாமல் எந்த கன்டெய்னரையும் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். வெளியே லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன.

ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால்தான் அதற்கு உயிர் வரும். அதில் சிடி போடும் டிரைவ் கிடையாது. என் லேப்டாப்பில் இருந்த காப்பியைப் பென்டிரைவில் ஏற்றித்தான் போட வேண்டும். வைரஸ் பயத்தில் முதலாளி ஆபீசுக்குள் பென்டிரைவே விடமாட்டார்.

"இன்னாமா, கப்பல் போனப்பறம் சீட்டு தருவியா?" முதல் லாரி டிரைவர் ஜன்னலில் கத்தினார்.

"பென்டிரைவ் இருந்தா குடுண்ணே, இல்லன்னா கத்தாத!" என்றேன்.

அவர் போய், வண்டியில் பாட்டுக்காகச் செருகியிருந்ததைப் பிடுங்கி வந்தார்.

"இதுல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்ணே. காப்பி எடுத்து வைக்கட்டா?"

திரும்பி வரிசையைப் பார்த்தார். "பாட்டுதான் கீது. டைம் இல்ல, அழி."

அழித்தேன். திரையில் சதவீதம் ஊர்ந்தது. நடுவில் கரன்ட் போய்விடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாகப் புது சிஸ்டம் ஏறி, எடை தெரிந்தது.

சீட்டையும் பென்டிரைவையும் நீட்டி, "இன்னா பாட்டுண்ணே? திரும்ப ஏத்தித் தரேன்" என்றேன்.

"எங்கயும் கிடைக்காதும்மா. என் தம்பி பாடுன கானா. போன வருசம் செத்துட்டான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே?"

"சொன்னா நீ அழிச்சிருக்க மாட்ட. பின்னாடி எத்தினி வண்டி நிக்குது பாரு."

அன்று மாலையே முதலாளிக்குத் தெரியாமல் ஒரு காலி பென்டிரைவ் வாங்கி இழுப்பறையில் போட்டேன். இன்றும் ஜன்னலில் யாராவது கத்தினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இழுப்பறையைத் திறந்து அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.