அம்மைப்பால் ஸஹாப்தீன்

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஸஹாப்தீன் முதலில் விசாரிப்பது கோழிகளைத்தான்.

“கோழியெல்லாம் சொகமா ஈக்கா, புள்ள?”

சுகம் என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்த எந்தப் பெண்ணால் முடியும்? எந்தப் பெட்டை அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, எந்தக் குஞ்சைக் கீரி கொண்டுபோனது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய தகரப் பெட்டி திறந்திருக்கும். ஊசி கையில் இருக்கும். பிள்ளையின் தோள் அவர் பிடியில் இருக்கும். பிள்ளை வீறிடும்போதுதான் தாய்க்கு விஷயம் விளங்கும்.

ஸஹாப்தீன் அரசாங்கத்து வக்சினேட்டர். பெரியம்மை வராமல் தடுக்க அம்மைப்பால் குத்துகிறவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தாம் ஆண்டிலிருந்து இருபத்தெட்டு வருஷம் ருவான்வெல்லையைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் அவர் ஏறி இறங்காத மேடு இல்லை. குள்ளமான ஆள். தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி, கக்கத்தில் குடை. மருந்துக் குழாய்கள் வெயிலில் கெட்டுப்போகாமலிருக்கப் பெட்டியைச் சுற்றி ஈரமான வாழைப்பட்டை. தோட்டத்துப் பாதையில் சைக்கிள் அவரைச் சுமந்ததைவிட அவர் சைக்கிளைச் சுமந்ததே அதிகம். ஊரார் கையையெல்லாம் கீறிய அந்த மனிதர், தம் காலில் ஓர் அட்டை கடித்துவிட்டால் போதும், மேட்டு லயத்துக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவார்.

“மரத்தக் கீறி நீங்க பாலெடுக்கிறீங்க. கையக் கீறி நான் பால் வெக்கிறன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தானே!” என்பார், பால்வெட்டுக்குப் போகும் ஆட்களிடம். சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே ஓடியும் போவார்கள்.

ஓடுகிறவர்களுக்கெல்லாம் தலைவி இருளாயி. அம்மை என்பது மாரியாத்தா போடுகிற முத்து. அதைத் தடுக்க ஊசியோடு வருகிறவர் ஆத்தாளோடு வம்பு வளர்க்கிறார் என்பது அவள் கட்சி. சொந்தத் தாய் தகப்பன் இல்லாமல் அவள் வளர்த்த தம்பி பழனியாண்டியை அவர் கண்ணிலேயே காட்டமாட்டாள். இருபது வயது இளந்தாரியை ஒரு நாள், ரப்பர் ஷீட்டுக் காயப்போடும் புகைவீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். ஸஹாப்தீன் அந்தக் கதவடியிலேயே ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தார். வெற்றிலை போட்டார். கோழிகளை விசாரித்தார். ஆட்டை விசாரித்தார். ஒழுகுகிற கூரையையும் விசாரித்தார். உள்ளேயிருந்து முதலில் ஓர் இருமல் வந்தது, பிறகு ஒன்பது.

“என்ன புள்ள, ரப்பர் ஷீட்டுக்கும் இருமல் வந்தீக்கா?”

இருளாயி பதில் தேடுவதற்குள் பழனியாண்டி கதவை உதைத்துக்கொண்டு பாய்ந்தான். கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுக, ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் மறைந்தான். ஸஹாப்தீன் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடை வரைக்கும் துரத்தினார். அட்டையைக் கண்டு திரும்பி வந்தார். லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வென்றது தானென்று இருளாயிக்கு அன்று ஒரே பெருமை.

அடுத்த வருஷம் தோட்டத்துக்குப் பெரியம்மை வந்தது. முதலில் படுத்தவன் பழனியாண்டி.

தொரை லயத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். உள்ளிருப்பவர் வெளியே வரக்கூடாது, வெளியார் உள்ளே போகக்கூடாது. டிஸ்பென்சரி டாக்டர் கயிற்றுக்கு வெளியே நின்று, உள்ளே தங்கிப் பார்க்க யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஸஹாப்தீன் சைக்கிளைக் கங்காணி கன்னையாவிடம் கொடுத்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். கொண்டுபோன மருந்தை, எஞ்சியிருந்த அத்தனை கையிலும் அன்றே குத்தி முடித்தார். இருளாயி கோழிக் கதைக்குக் காத்திராமல் கையை நீட்டினாள்.

இருபத்திரண்டு நாள் உள்ளேயே கிடந்தார். பழனியாண்டியை வாழையிலையில் கிடத்தி, வேப்பங்குழையால் ஈ ஓட்டி, கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினார். மூன்றாம் நாள் அவர் மனைவி றஹீமா வந்து கயிற்றுக்கு அப்பால் நின்றுகொண்டு, தோட்டம் முழுக்கக் கேட்கச் சண்டை பிடித்தாள்.

“வீட்டுல ஒரு நாளு ஒரு கோப்பை கழுவி ஈக்கிறீங்களா? இங்க வந்து கஞ்சி காச்சுறீங்களாக்கும்!”

“ருசி பாக்கிறியா?” என்று ஸஹாப்தீன் அகப்பையை நீட்டினார். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். மறுநாள் கயிற்றடியில் ஒரு சட்டி பருப்பும், அவர் மாற்றி உடுக்க மடித்த சாரமும் இருந்தன.

இருளாயிக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியை ஒளித்து வைத்தவள் அவள். உன்னால்தானே என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் எப்போது சொல்வார் என்று தினமும் காத்திருந்தாள். தாங்க முடியாமல் ஒரு நாள் அவளே போய் எதிரில் நின்றாள்.

“ஐயா, என்னைய நல்லா வஞ்சுருங்க. வையாம இருக்கிறதுதாங்க கொல்லுது.”

“ஏசுறன், ஏசுறன். இவன் எழும்பட்டும். ரெண்டு பேரையும் ஒண்டா நிப்பாட்டி வெச்சு ஏசுறன். தனித்தனியா ஏச எனக்கு நேரமில்ல.”

பழனியாண்டி எழுந்தான். முகமெல்லாம் வடுவோடு, ஒரு கண்ணில் பூ விழுந்து எழுந்தான். அக்காளும் தம்பியும் ஏச்சு வாங்கப் போய் வரிசையாக நின்றார்கள். ஸஹாப்தீன் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, “இண்டைக்கு அவசரம், நாளைக்கு வாறன்” என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்த நாளை வரவேயில்லை.

பென்ஷன் எடுத்துத் திண்ணையில் சாய்கிற ஆளா அவர்? கேகாலைப் பக்கமெங்கும் மலேரியாக் காய்ச்சல் பரவிய சமயம், காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாத் தண்ணீர்ப் போத்தலோடு பழைய பாதைகளில் மறுபடி இறங்கிவிட்டார். முப்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதம் அதே காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது.

லயத்தார் விடியுமுன் பால்வெட்டை முடித்துவிட்டு, கறை பிடித்த உடுப்போடு ருவான்வெல்லைக்கு நடந்தார்கள். ஸஹாப்தீன் வீட்டு முற்றத்தில் டாக்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் இங்கிலீஷில் வாசித்தார். முடிந்ததும் தோட்டத்து ஆட்கள் கன்னையாவைப் பார்த்தார்கள். கங்காணி தொண்டையைச் செருமினார்.

“நல்ல மனுசன்னு சொல்றாரு.”

“இம்புட்டு நேரமும் அதத்தானா சொன்னாரு?” என்றாள் இருளாயி. சிலர் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

உடலை வைத்த சந்தூக்குப் பெட்டி தோள்களில் எழும்பியது. கடைத்தெரு இரு பக்கமும் கதவைச் சாத்தியது. ஓரமாக நின்ற இருளாயியின் பக்கத்திலிருந்து பழனியாண்டி தோள் கொடுக்க மெல்ல முன்னால் போனான். அவன் முகத்தைக் கண்டால் கடைத்தெருவில் இன்றும் ஓர் அடி விலகி நிற்பவர்கள் உண்டு. சந்தூக்கோடு நடந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி மறித்தார்.

“நம்ம ஆளுங்கதான் தூக்கணும், தம்பி.”

பழனியாண்டி நின்றுவிட்டான். தோளில் வைக்க எடுத்துப்போன தலைத்துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் முறுக்கினான். இருளாயி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

முன்பக்கத்துக் கம்பைத் தூக்கிக்கொண்டிருந்தவன் ஸஹாப்தீனின் மூத்த மகன் முக்தார். அவன் நடையை நிறுத்தினான். பின்னால் வந்த கூட்டமும் நின்றது. பழனியாண்டியின் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்து, தன் தோளிலிருந்த கம்பை எடுத்து அவன் தோளில் வைத்தான்.