ஓடு வேய்ந்த வீடும் நான் இட்ட புள்ளடியும்

இதைப் படிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மணி,

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் கல்முனைக் கரையோரத்தில் எந்த வீட்டுக் குழந்தைகள் மெலிந்திருக்கின்றனர், அதற்கு வறுமை எவ்வளவு காரணம் என்று அளந்தறியச் சுகாதாரப் பகுதியினர் கணக்கெடுப்பு நடத்தினர். வறிய வீடுகளின் மெலிந்த குழந்தைகளுக்குச் சத்துமா வழங்கப்படும் என்றும் அறிவித்தனர். எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டவனாயினும், கையெழுத்து தெளிவாயிருந்ததால் அத்தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது.

வறுமையை அறியப் படிவத்தில் இருந்தது ஒரே கேள்வி: கூரை கிடுகா, ஓடா? பின்னிய தென்னோலைக் கிடுகு எனில் வறியவர். ஓடு எனில் வசதியுள்ளவர்.

சாய்ந்தமருதில், கடலை அண்டிய ஓர் ஒழுங்கையில், ஓடு வேய்ந்த கல்வீடு ஒன்றுக்குச் சென்றேன். கரைவலை இழுக்கும் கூலியாளின் மனைவி தன் இரண்டு வயது மகளைத் தூக்கி வந்தாள். குழந்தையை நான் தொங்கு தராசில் வைத்ததும், அண்ணன் முறையில் என்னைக் ‘காக்கா’ என்றழைத்துச் சிரித்தாள் தாய்.

“சூரை மீன் நிறுக்கிறாப்போல நிறுக்கிறீங்களே காக்கா, வெலையும் செல்லுவீங்களா?”

முள் நின்ற இடத்தைக் கண்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது கைக்குழந்தையின் எடை.

“காலையில என்ன குடுத்தீங்க, தங்கச்சி?”

“வெறும் தேத்தண்ணிதான். மூணு நாளா வலையில ஒண்டும் இல்ல.”

நான் அண்ணாந்து கூரையைப் பார்த்து, ‘ஓடு’ என்ற கட்டத்தில் புள்ளடி இட்டேன். அவள் கவனித்துவிட்டாள்.

“வாப்பா சம்மாந்துறை வயல வித்துத்தான் இந்த வீட்டக் கட்டித் தந்தார். கொமருக்கு வீடு இல்லாட்டி மாப்பிள எங்க காக்கா? இப்ப வயலும் இல்ல, நெல்லும் இல்ல.”

இதை அவள் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே மணம் முடிப்பர். நானும் மனைவியின் சீதன வீட்டில், ஓட்டின் கீழ், அரைவயிற்றுடன் வாழ்ந்தவனே. அறிந்தே இட்டேன் அப்புள்ளடியை.

மறுநாள், படிவத்தின் ஓரத்தில் இவ்விபரத்தை எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன்.

“ஓரத்தில எழுதினத நான் எங்க கூட்டுறது, தம்பி? கட்டம் ரெண்டுதான்.”

“அப்ப மூணாவதா ஒண்டு போடுங்க சேர்.”

“கடதாசி கொழும்பில அச்சடிச்சது. அங்க போய்க் கதைங்க.”

சில வாரங்களில் முடிவு வந்தது. ஓட்டு வீடுகளிலும் குழந்தைகள் மெலிந்திருப்பதால் வறுமை காரணமன்று, தாய்மாரின் அறியாமையே காரணம் என்று எழுதியிருந்தனர்! கிடுகு வீடுகளுக்குச் சத்துமா வந்தது. ஓட்டு வீட்டுத் தாய்மாருக்குப் பிரசங்கம் வந்தது. பால், முட்டை, ஈரல் கொடுக்குமாறு ஒருவர் படம் காட்டி விளக்கினார். அந்தக் கூலியாளின் மனைவியும் முன்வரிசையில் அமர்ந்து கேட்டாள்.

வாசலில் நான் நிற்க, அவள் வெளியே வருகையில், அடுத்த கிடுகு வீட்டுக்காரி, “கல்வீட்டு ராத்தாக்கு மாவும் கேக்குதோ?” என்று குத்தினாள்.

அவள் என்னிடம் திரும்பினாள்.

“ஓடுகளக் கழட்டிப்போட்டுக் கிடுகு வேய்ஞ்சா, திரும்ப எழுதுவீங்களா காக்கா?”

கேலி என்று எண்ணி முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. எனக்கு அதிகாரமில்லை என்று சொன்னேன்.

ஆறு மாதங்களின் பின் இரண்டாம் நிறுவைக்குச் சென்றேன். முள் அதே இடத்தில் நின்றது. இம்முறை அவள் விலை கேட்கவில்லை. படிவமும் மாறியிருக்கவில்லை. அதே கட்டத்தில் மீண்டும் புள்ளடி இட்டேன்.

அவர்களின் அட்டவணையில் அது வசதியுள்ள வீடாகவே இருக்கும். ஆகையால், அவர்கள் கூட்டாமல் விட்ட ஓரக்குறிப்பாக நான் எழுதும் இக்கடிதத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.