சாமி முகக் கோப்பை

பிள்ளைகளே, கப்பலில் சமையல் வேலை பார்த்த காலத்தில், ஹவாய்த் தீவில் ‘டிக்கி பார்’ என்ற மதுக்கடைகளுக்குப் போய், அந்தத் தீவுக்காரர்களின் சாமி முகம் வைத்த பீங்கான் கோப்பைகளை வாங்கிச் சேர்த்தேன். லீவில் பாடாலூர் வந்தேன். டீக்கடையில் நம் தெருவுக்கு மட்டும் தனி கிளாஸ், வெளியே பலகையில் இருக்கும்.

“எனக்கு ஒண்ணும் கொண்டாரலியாடா?” என்றார் ஊர் நிலக்காரர்.

ஒரு கோப்பை கொடுத்தேன். பெருமைக்காகக் கடைக்கே கொண்டுவந்து, தினமும் அதில்தான் டீ குடித்தார்.

பத்தாம் நாள், கடை நிறைய ஆள் இருக்க, அவர் அதில் டீ குடித்துக்கொண்டிருக்கையில் சொன்னேன்:

“ஒரு வருசம் நான் வாய் வச்சுக் குடிச்ச கோப்பை அதுங்க.”

“முழுங்கிட்டீங்களா ஐயா?” என்று யாரோ சிரித்தார். நிலக்காரர் கோப்பையைத் தரையில் அடித்துவிட்டுப் போனார். அவர் முகம் கறுத்ததை ஆசை தீரப் பார்த்தேன். இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

எல்லோரும் போனார்கள். கடைக்காரரும் தண்ணீர் எடுக்கப் போனார். நான் பலகையிலிருந்த கிளாஸ்களை எடுத்து, உள்ளே மற்ற கிளாஸ்களோடு கலந்து வைத்தேன்.